திடநிலைச் சேமிப்பானின் மதிப்பு

ஒரு பொருளின் பெருமையை அதனை விற்போர் கூறும் எண்ணைக்கொண்டு அளத்தலாகாது. அப்பொருளால் நமக்கு ஆகும் பயனைக்கொண்டே அளத்தல் வேண்டும். இவ்வுண்மை நெல்லுக்கும் துணிக்கும் பொருந்துமாறு போலவே, இந்நாளில் மாணவர் கையாளும் கணினிக்கும் பொருந்துவதாம். எழுதியவற்றையும் படங்களையும் கணினியுள் நிலையாகக் காத்துவைக்கும் உறுப்பாகிய எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பானை வாங்கப் புகுங்கால், நம்மவருள் பலர் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வேக எண் ஒன்றையே நோக்கி மயங்குகின்றனர். அம்மயக்கம் நீங்குமாறு சில கூற விழைகின்றோம்.

பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு, சுழலும் தட்டும் அதன்மேல் அசையும் முனையும் உடையது. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 11 மில்லிவிநாடி ஆகும். முனை உரிய இடத்திற்கு நகர்ந்து, வேண்டிய பகுதி தன்கீழ் வருமளவும் காத்திருத்தல் வேண்டும். ஆதலின், அங்கங்கே சிதறிக்கிடக்கும் சிறு துணுக்குகளை ஒவ்வொன்றாகப் படிக்க நேரின், விநாடிக்கு 60 அல்லது 70 துணுக்குகளே கைகூடும். திடநிலைச் சேமிப்பானிலோ அசையும் உறுப்பு யாதும் இல்லை. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியப் பொறியாளரும் அவர் தோழரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட நாண்ட் வகை நினைவகமே அதன் உயிர்நிலை. அதிலுள்ள நுண்ணிய அறைகள் மின்னூட்டத்தை உள்ளடக்கி எழுத்தைக் காக்கின்றன. ஈண்டு முனையும் இல்லை; காத்திருப்பும் மிகச் சிறிதே.

இனி, வேக எண்ணை ஆராய்வோம். சாம்சங் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 980 புரோ என்பது என்.வி.எம்.ஈ. வகையினது, 2021இல் வெளியிட்ட 870 ஈவோ என்பது சாட்டா வகையினது. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ந்து படிக்கும்பொழுது முன்னது விநாடிக்கு 7,000 மெகாபைட்டும், பின்னது 560 மெகாபைட்டும் தருமென்பர். வேற்றுமை பன்னிரண்டு மடங்கிற்கும் மேலாம். ஆயின், சிறு துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் அளவு, அந்நிறுவனம் கூறும் கணக்கின்படியே, முன்னதற்கு 22,000. பின்னதற்கு ஏறக்குறைய 13,000. வேற்றுமை இரு மடங்கும் இல்லை. கணினி விழித்தெழுவதும், செயலிகள் திறப்பதும், நாம் எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் இச்சிறு துணுக்குகளைச் சார்ந்த வேலைகளே. வன்தட்டை நீக்கிச் சாட்டா வகையைப் பொருத்தினார் அடையும் மாறுதல் இரவும் பகலும் போன்றது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு படியும் சிறுத்துக்கொண்டே போகின்றது. பெரிய காணொளிகளை நாள்தோறும் தொகுப்பார்க்கு அவ்வேகம் பயன்படும் என்பதை யாம் மறுக்கவில்லை. கட்டுரை எழுதும் மாணவர்க்கு அது வேண்டுவதன்று.

பெட்டியின் எண் முழு உண்மையையும் உரைப்பதில்லை என்பதற்குப் பிறிதொரு சான்றும் உண்டு. ஓர் அறையில் மூன்று பிட்டுகளை வைப்பது டி.எல்.சி. வகை, நான்கை வைப்பது கியூ.எல்.சி. வகை. நான்கு பிட்டுகளுக்குப் பதினாறு மின்னளவுகளைப் பிரித்தறிதல் வேண்டுமாதலால், எழுதும் பணி தாமதப்படும். 870 கியூ.வி.ஓ. என்னும் 1 டெராபைட் சேமிப்பானின் எழுதும் வேகம் 530 மெகாபைட் எனக் குறித்துள்ளனர். விரைவாக எழுதுதற்கென ஒதுக்கிய 42 ஜிகாபைட் இடம் நிரம்பியபின் அவ்வேகம் 80 ஆகக் குறையும்; அது நல்ல வன்தட்டின் வேகத்திற்கும் தாழ்ந்ததே. விலை சிறிது குறைவென்று இதனை வாங்குவோர் இக்குறையை அறிந்தே வாங்குதல் நலம்.

இனி, எழுத எழுதத் தேய்ந்துபோகுமே என்று அஞ்சுவாரும் உளர். 1 டெராபைட் அளவுள்ள 870 ஈவோவிற்கு 600 டெராபைட் எழுதும் வரை, அல்லது ஐந்தாண்டு வரை, உத்தரவாதம் உண்டு. நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதும் மாணவர் ஆண்டிற்கு 7.3 டெராபைட் எழுதுவர். அக்கணக்கில் 600 டெராபைட் தீர எண்பது ஆண்டிற்கு மேலாகும். ஆகவே, வேக எண் வீணே மயக்குமாறு போல, இவ்வெண் வீணே அச்சுறுத்துகின்றது.

அஞ்சத்தக்கது வேறொன்று. வன்தட்டு பழுதுறுமுன் பலகால் ஓசையாலேனும் தளர்ச்சியாலேனும் குறிகாட்டும். திடநிலைச் சேமிப்பானோ நேற்றுவரை நன்கு இயங்கி, இன்று ஒரு குறியுமின்றி முற்றும் அடங்கிவிடுதல் உண்டு. அழித்த கோப்பை மீட்பதும் அதில் மிக அரிது. அன்றியும், மின்சாரமின்றிப் பேழைக்குள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிவைப்பின் அறைகளிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் மிக மிகக் கசிவும் மிகும். மூன்றாண்டு உழைத்து எழுதிய ஆராய்ச்சியை ஒரே சேமிப்பானில் வைத்து உறங்குவோர், எத்துணை வேகமுள்ளதை வாங்கினும் அறிவுடையோர் ஆகார்.

ஆதலின் யாம் துணிந்து கூறுவது இது: பழைய கணினியுடையார் புதுக்கணினி வாங்குமுன், அதன் வன்தட்டை நீக்கி நடுத்தர விலையுள்ள டி.எல்.சி. சேமிப்பான் ஒன்றைப் பொருத்திப் பார்க்க. புதுக்கணினி வாங்குவார் மிகுவேகத்திற்கென மிகுபொருள் கொடாதிருக்க. அவ்வாறு மிஞ்சிய பணத்தைக்கொண்டு வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றை வாங்கி, வாரந்தோறும் படியெடுத்து வைக்க. பெற்றோர் உழைத்து ஈட்டிய பொருளுக்கு மாணவர் உக்கிராணக்காரரே அன்றி உடையவர் அல்லர். நல்ல உக்கிராணக்காரர் எண்ணைக் கண்டு வாங்கார். கணக்குப் பார்த்தே வாங்குவர்.