தகுதியற்ற யந்திரமா?

மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்திற்கு அளித்து வந்த ஆதரவை 2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியுடன் முடித்துக்கொண்டனர். பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகஸ்தர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரையில் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதாக அப்பொழுது அறிவித்தார்கள். 'விண்டோஸ் 11'-க்கு மாற முயன்ற அனேகருக்கோ, 'இந்தக் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை' என்ற எச்சரிக்கையே கிடைத்தது. அதைக் கண்டதும் பழைய யந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டுவது சரியல்ல என்பது நமது அபிப்பிராயம்.

மயிலாப்பூர் மாட வீதியில் டி.டி.பி. கடை நடத்துபவரும், தியாகராய நகரில் கணக்கு எழுதும் சிறு வியாபாரியும், அடையாற்றில் படிக்கும் மாணவரும், ரிச்சி தெருவுக்குச் சென்று மதர்போர்டு, பிராசஸர், ஹார்டு டிஸ்க் என்று தனித்தனியே வாங்கி அசெம்பிள் செய்துகொள்வது நமது நகரில் நெடுநாள் வழக்கம். கைப்பணத்திற்கு ஏற்ப யந்திரத்தை அமைத்துக்கொள்ள அது வழி செய்கிறது. ஆனால் மேற்படி எச்சரிக்கையால் அதிகம் கலங்க நேர்ந்ததும் இவர்களே. அதற்குக் காரணம் உண்டு.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சாதனம் அவசியம். இரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருப்பது அதன் வேலை. 2016 ஜூலை 28 முதல், விண்டோஸுடன் விற்பனைக்கு வரும் புது மாடல் கம்ப்யூட்டர்களில் அச்சாதனம் இயங்கும் நிலையிலேயே இருக்க வேண்டுமென்று மைக்ரோஸாப்ட் விதித்தது. தனியே விற்கப்பட்ட மதர்போர்டுகளிலோ அது பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே, யந்திரத்தில் சாதனம் இருந்தும் இல்லையென்ற தீர்ப்பு வந்தது. 2021-இல் மதர்போர்டு கம்பெனிகள் பல, அதைத் தாமாகவே இயக்கி வைக்கும் பயாஸ் திருத்தங்களை வெளியிட்டன.

எனவே முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி, 'டி.பி.எம். டாட் எம்.எஸ்.சி.' என்று டைப் செய்தால் உண்மை நிலை தெரியும். சாதனம் காணப்படவில்லையெனில், பயாஸுக்குள் இன்டெல் யந்திரங்களில் பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. யந்திரங்களில் எப்.டி.பி.எம். என்ற பெயரிலும் இருப்பதை இயக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை செக்யூர் பூட் பற்றியது. இதில் அவசரம் கூடாது. பழைய எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கை வைத்துக்கொண்டு பயாஸில் சி.எஸ்.எம். என்பதை அணைத்துவிட்டால் விண்டோஸ் எழும்பாது. முதலில் பைல்கள் யாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்து, விண்டோஸிலேயே அடங்கியுள்ள 'எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.' என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றிய பிறகே அதைச் செய்ய வேண்டும். பிட்லாக்கர் பூட்டு உள்ளவர்கள் அதன் மீட்புச் சாவியை முன்பே குறித்து வைத்துக்கொள்வது அவசியம். இவ்வளவுக்கும் புதிய பொருள் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

பிராசஸர் பற்றிய எச்சரிக்கை வேறு வகை. பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்கும் ஏ.எம்.டி. ரைசன் 2000 வரிசைக்கும் முற்பட்டவை பட்டியலில் இல்லை. 2017-இல் ஏழாம் தலைமுறை பிராசஸர் வாங்கியவர், நான்கே வருஷங்களில் புறம்பாக்கப்பட்டார். ஆயினும் 2021 ஆகஸ்டில் அத்தலைமுறையில் சிலவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டபோது, மைக்ரோஸாப்ட் தாமே விற்ற 'சர்பேஸ் ஸ்டூடியோ 2' யந்திரத்தின் பிராசஸரும் அதில் இடம் பெற்றது. விதி எல்லோருக்கும் ஒன்றே என்று இதன்பின் எப்படி நம்புவது?

அதே வருஷம் ஜூன் மாதத்தில் கம்பெனியார் வெளியிட்ட பரிசோதனைக் கருவி, தகுதியில்லை என்று சொல்லியதேயன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. கண்டனம் எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்று, காரணத்தையும் கூறும்படி திருத்தி வெளியிட்டார்கள். உபயோகிப்போர் வாய் திறந்து கேட்டதனால் விளைந்த பலன் இது.

பாதுகாப்பு அவசியம் என்னும் கம்பெனியாரின் வாதத்தை நாம் மறுக்கவில்லை. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் உலகமெங்கும் பரவியபொழுது, அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே வெளியான திருத்தத்தை ஏற்றாத யந்திரங்களே இரையாயின. ஆகையால் திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தை இன்டர்நெட்டில் காலவரையின்றி ஓட்டுவது விவேகமன்று. குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதும் அத்தகையதே. தகுதியற்ற யந்திரங்களுக்குத் திருத்தம் வருமென்று உறுதி கூற இயலாது என்று கம்பெனியாரே சொல்லியிருக்கின்றனர்.

அப்படியாயின் பழைய பிராசஸர் உடையவருக்குக் கதி என்ன? லினக்ஸ் இருக்கிறது. அது டி.பி.எம். கேட்பதில்லை. சென்னை சி-டாக் ஸ்தாபனத்தார் 2007 முதல் வெளியிட்டு வரும் 'பாஸ்' லினக்ஸ், தமிழ் முதலிய இந்திய பாஷைகளுக்கு இடம் தருவது. கேரளத்துச் சர்க்கார் பள்ளிகள் பல வருஷங்களாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. ஆனால் டாலியும் பேஜ்மேக்கரும் லினக்ஸுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. அவற்றை நம்பிப் பிழைக்கும் கடைக்காரரிடம் உடனே மாறிவிடுங்கள் என்று சொல்வது எளிது. அவர் செய்வது எளிதல்ல. மாணவர்களுக்கும், கடிதம் எழுதவும் படிக்கவும் மட்டும் கம்ப்யூட்டரை வைத்திருப்போருக்கும் அந்தத் தடை இல்லை.

அசெம்பிள் செய்து விற்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. டி.பி.எம்., செக்யூர் பூட் இரண்டையும் இயக்கி வைத்து, அதைப் பில்லிலும் குறித்துக் கொடுப்பது அவர்கள் கடமை. வாங்குவோருக்கும் ஒன்று சொல்வோம். 'புதிது வாங்குங்கள்' என்று எவர் சொன்னாலும், எந்த நிபந்தனையில் யந்திரம் தவறியது என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை சொல்ல இயலாதவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.