ஒழுகும் பைப்புக்கு யார் பொறுப்பு?

வாடகை வீட்டில் பைப் உடைந்தால், ‘நீங்கள்தானே புழங்குகிறீர்கள்’ என்பார் வீட்டுக்காரர். ‘வீடு உங்களுடையதுதானே’ என்பார் குடியிருப்பவர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது.

தேவைப்படும்போது பைப்லைனை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர், வாஷ்பேசின், கழிப்பறைப் பழுதுகளும் சாக்கடை அடைப்பும் குடியிருப்பவர் பொறுப்பு.

வீட்டுக்காரர் மறுத்தால், குடியிருப்பவரே சரிசெய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருப்பவர் மறுத்தால், செலவு அட்வான்ஸிலிருந்து போகும்.

நம்மில் பலர் வாய்ப்பேச்சை நம்பியே குடிபோகிறோம்; காலி செய்யும் நாளில் தகராறு வெடிக்கிறது. வாடகை என்பது வீட்டின் பயனுக்கான விலை என்பதே ‘இஜாரா’வின் அடிப்படை. தண்ணீர் வராத வீட்டுக்கு முழு வாடகை கேட்பது நியாயமா? ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள், பழுதுபார்த்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.