பழைய எஞ்சினுக்குப் பணம் போடலாமா?

"உங்கள் வீட்டில் வெகுநாளாக முடிவுக்கு வராத சண்டை எது?"

காலை நிகழ்ச்சியில் இப்படி ஒரு கேள்வி போட்டோம். மாமியார் மருமகள் கதைகள் வரும் என்று காத்திருந்தோம். அவையும் வந்தன. ஆனால், நடுவே வந்த இரண்டு குரல் பதிவுகள் அன்றைய நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டு போய்விட்டன. இரண்டும் பழைய எஞ்சின் விவகாரம்.

முதல் பதிவு பாகான் டத்தோவிலிருந்து. "அக்கா, எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய படகு மோட்டார் இருக்கு. 15 குதிரைசக்தி. சரி பண்ண மூவாயிரம் வெள்ளி கேக்குறாங்க. பண்ணலாமா, பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?"

அடுத்தது ரிங்லெட் பெண். கோலாலம்பூரில் கணக்காளர் வேலை. "அப்பாவோட லேண்ட் ரோவர் எஞ்சின் போச்சு. ஃபோர்மேன் எட்டாயிரம் வெள்ளி சொல்றாரு. அண்ணன் வித்துடச் சொல்றான். அப்பா ரெண்டு வாரமா எங்ககூட சரியா பேசல."

அடுத்த பத்து நிமிடம் தொலைபேசி ஓயவில்லை. விற்கச் சொல்பவர்கள் ஒரு கட்சி, அப்பா மனசு நோகக்கூடாது என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட, "எஞ்சினில் என்ன கோளாறு?" என்று கேட்கவில்லை. சண்டையே அங்கேதான் சிக்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் மலையில் லேண்ட் ரோவர் என்பது பணக்காரர் வண்டி இல்லை. கோபிசும் தக்காளியும் ஏற்றும் வண்டி. உரமூட்டை, ஏணி, தண்ணீர்க் குழாய், சில நாள்களில் கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில்தான். இராணுவமும் அரசுத் துறைகளும் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்தில் வாங்கப்பட்டு மலைக்கு வந்தன. இன்றைக்கும் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை எங்கு திரும்பினாலும் ஒன்று நிற்கும்.

இவை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டியபோது, போருக்குப் பிந்திய பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். தட்டுப்பாட்டால் வந்த அந்த ஏற்பாடு நம் மலை ஈரத்துக்கு வரமாகிவிட்டது. தகடு இரும்புபோலத் துருப்பிடிப்பதில்லை. மற்ற பாகங்களும் எளிமையானவை. கையில் ஸ்பேனரும் பொறுமையும் உள்ளவர் பிரித்து மாட்டிவிடலாம்.

ஆனால், அந்த வரத்திலேயே ஓர் ஏமாற்றும் இருக்கிறது. உடம்பு அலுமினியம், அதைத் தாங்கும் சேசிஸ் இரும்பு. கதவும் பானெட்டும் பளபளவென்று இருக்கும்போதே, அடியில் பெட்டி வடிவ இரும்புச் சட்டத்துக்குள் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். காய்கறித் தோட்டத்தில் கோழி எரு ஏற்றிய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, எஞ்சினைப் பற்றிப் பேசும் முன் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். சிறிய சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். அரித்த இரும்பு 'டொக்' என்று அமுங்கிப் பேசும். சந்தேகமான இடத்தை ஸ்குருடிரைவரால் அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை, பெயிண்ட் மட்டும்தான் இருக்கிறது. ஓரிரு இடம் என்றால் வெட்டி ஒட்டலாம். ஸ்பிரிங் பொருந்தும் இடங்கள் எல்லாம் போயிருந்தால், எட்டாயிரம் வெள்ளி எஞ்சினை ஓட்டைச் சட்டியில் வைத்தது மாதிரிதான்.

சட்டம் தேறிவிட்டால் அடுத்து எஞ்சின். 'எஞ்சின் போச்சு' என்பது நோயின் பெயர் இல்லை. 'உடம்பு சரியில்லை' என்பதுபோல ஒரு பொதுப் பேச்சு.

எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரேக் நிறத்தில் இருந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அதை மாற்றினால் போதாது. ஏன் போனது என்று கேட்க வேண்டும். ரேடியேட்டர் அடைத்து எஞ்சின் கொதித்திருந்தால், அடைப்பை விட்டுவிட்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றுவது ஆறு மாதத்தில் அதே கடைக்குத் திரும்பிப் போவதற்கு வழி.

புகையும் பேசும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. இங்கே மலைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டர்போ இல்லாத எஞ்சின், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே 15 சதவீதம் போய்விடும். தாப்பாவில் சரியாக ஓடிய வண்டி மேலே வந்து இழுக்காமல் புகைந்தால், எஞ்சின் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எரிபொருள் அளவைச் சரிசெய்தாலே தேறலாம்.

கடைசியாக கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், பெட்ரோல் எஞ்சினில் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். ஃபோர்மேனிடம் விலை கேட்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். சோதனைக்கு எண்பது, நூறு வெள்ளி கொடுக்கத் தயங்குகிறவர்கள்தான் பிறகு எட்டாயிரத்துக்குத் தலையாட்டுகிறார்கள்.

சரி, எஞ்சின் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரேக்? பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்களுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகள் நமக்குத் தெரியும். எஞ்சின் போனால் வண்டி நின்றுவிடும். பிரேக் போனால் நிற்காது. பழுது பார்க்கும் பணத்தில் முதல் பங்கு எதற்கு என்பதற்கு இதுவே பதில்.

வண்டி பிழைக்கும் என்று தெரிந்த பிறகுதான், பிழைத்து என்ன செய்யப்போகிறது என்ற கேள்வி. ரிங்லெட் பெண்ணின் அண்ணன் காட்டிய பிக்கப்புக்கு மாதத் தவணை 650 வெள்ளி, ஏழு வருடம். எட்டாயிரத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 133 வெள்ளி. இந்தக் கணக்கைப் பார்த்து லேண்ட் ரோவர் ஜெயித்துவிட்டது என்று துள்ள வேண்டாம். டீசலையும் எழுதுங்கள். 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15-லிருந்து 3.35 வெள்ளியாக ஏறியது. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், மாதம் 25 நாள் என்றால் கூடுதல் செலவு மட்டும் 150 வெள்ளி. உதவித்தொகை வருகிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

எரிபொருள் விலை நல்ல எஞ்சினையும் முடக்கும் என்பதை யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் பட்டறிந்தவர்கள். அங்கே சிறு படகுகளின் வெளிப்பொருத்து மோட்டார்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை. ஆனால், கடலுக்குப் போய் வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை.

'பழைய எஞ்சினைத் தூக்கிப்போட்டு ஜப்பான் எஞ்சின் வைத்துவிடலாமே' என்று மலையில் எல்லாரும் சொல்வார்கள். வைக்கலாம். பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால், வாகனப் பரிசோதனை செய்து, ஜே.பி.ஜே. ஒப்புதல் வாங்கி, கிராண்டில் எஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

கிராண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் நாம் இருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். அந்தத் தலைமுறையில் பலருக்கு, தம் பெயர் அச்சடித்து வந்த முதல் சொத்து ஒரு மோட்டார்சைக்கிள் அல்லது பழைய லேண்ட் ரோவரின் கிராண்ட்தான். இது புரியாமல், "அப்பா, அது ஓட்டை வண்டி" என்று பிள்ளைகள் சொல்லும்போது, அவர் காதில் வேறு என்னவோ விழுகிறது. இந்த மதிப்புக்கும் பணம் செலவழிக்கலாம், தப்பில்லை. ஆனால், அதைத் தனி வரியில் எழுதுங்கள். 'அப்பாவுக்காக இவ்வளவு' என்று ஒரு தொகை. அதைப் பழுது கணக்குக்குள் ஒளித்து வைத்தால், ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் சண்டை அப்பாவின் தலையில் விடியும்.

ரிங்லெட் பெண்ணுக்கு நான் அனுப்பிய பதில் மூன்றே வரி: முதலில் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். கோளாறு என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன், இதற்கு மேல் ஒரு காசும் இல்லை என்று ஒரு தொகையை எல்லாரும் சேர்ந்து குறித்து வையுங்கள். இந்த மூன்றாவது முக்கியம். பிரித்துப்போட்ட எஞ்சினுக்கு முன்னால் நின்று யாராலும் 'வேண்டாம்' சொல்ல முடியாது.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. சேசிஸில் பின்பக்கக் குறுக்குச் சட்டம் மட்டும் அரித்திருந்தது. எண்ணெய் தே தாரேக் நிறம். கேஸ்கெட்டும் அடைத்த ரேடியேட்டரும்தான் கோளாறு. முழு ஓவர்ஹால் தேவையில்லை. குறுக்குச் சட்ட ஒட்டுவேலையும் சேர்த்து 3,400 வெள்ளி, பிரேக் முழுவதும் புதுசாக்க 1,400. அவர்கள் குறித்து வைத்த எல்லை ஐயாயிரம். பிரேக் காசை அண்ணன் கொடுத்திருக்கிறார். அப்பாவும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார். வண்டி மலையில் மட்டும் ஓடும், பாரத்தோடு தாப்பாவுக்கு இறங்காது. காய்கறியை லாரிக்காரர் எடுத்துப்போவார்.

பாகான் டத்தோ சித்தப்பாவுக்கு வேறு பதில். படகு மோட்டாருக்கு சேசிஸ் மாதிரி இருப்பது அதன் பிளாக். குளிர்விக்க உள்ளே ஓடும் கடல்நீர், அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அவர்கள் தலையைக் கழற்றிப் பார்த்தபோது நீர்ப்பாதைச் சுவர் அரித்து சிலிண்டர் ஓரம்வரை வந்திருந்தது. கீழ்ப்பெட்டி கியர் எண்ணெயும் பால் நிறம், தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம். மூவாயிரம் போட்டாலும் அந்தச் சுவர் திரும்ப வளராது. தவிர, லேண்ட் ரோவர் நின்றால் சாலையோரம் இறங்கி யாரையாவது கைகாட்டலாம். கரை தெரியாத இடத்தில் மோட்டார் நின்றால், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் பயணம். அதனால் கடலுக்குப் போகும் எஞ்சினுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கக்கூடாது. புரொப்பெல்லரையும் கார்புரேட்டரையும் உதிரிப் பாகமாக விற்றுவிடச் சொன்னேன். சித்தப்பா யோசிக்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று படுதா போர்த்தி நிற்கும். மோட்டார்சைக்கிள், ஜெனரேட்டர், தையல் மெஷின், புல்வெட்டி. இந்த ஞாயிற்றுக்கிழமை படுதாவை எடுத்துவிட்டு, விலையைக் கேட்கும் முன் கோளாறைக் கேட்டுப் பாருங்கள். அப்படியே, அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும்.