புள்ளலூர் வாளுக்கு ஒரு வழி

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். அன்று காயத்துடன் சிறைப்பட்ட டேவிட் பேர்டுதான் 1799இல் சீரங்கப்பட்டணக் கோட்டைமீது பாய்ந்த படையை நடத்தினார். திப்புவின் படுக்கையறை வாள் அவருக்கே பரிசானது. 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அது சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது.

நம் ஊர்க் கதை அந்த வாளிலும் இருக்கிறது.

இத்தகைய வாள்களை இணையவழியில் இங்கிருந்தே ஏலம் கேட்கலாம், இந்தியாவுக்குக் கொண்டுவருவதுதான் சிக்கல். 1959 ஆயுதச் சட்டம் இறக்குமதிக்கு உரிமம் கேட்கிறது. அதன் 45ஆவது பிரிவோ தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. அடுத்து 1972 தொல்பொருள் சட்டம்: நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் திரும்ப வெளியே அனுப்ப முடியாது. இந்தத் தடை அவசியமானது, தளரக் கூடாது. பிரிட்டனும் 2021இல் திப்புவின் அரியணைப் புலித்தலை வெளியேறாமல் தற்காலிகத் தடை விதித்தது.

உள்ளே வரும் வழியாவது தெளிவாகட்டும். வாளின் தொன்மைக்குத் தொல்லியல் துறை சான்றளித்தால் சுங்கத் துறை ஏற்கும் என்று ஒரே நடைமுறையை மத்திய அரசு வகுக்க வேண்டும். மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லேயின் வாளை மகாராஷ்டிர அரசு 2025இல் லண்டன் ஏலத்தில் மீட்டது. தமிழக அரசும் அருங்காட்சியகங்களுக்காக அப்படி மீட்க ஒரு நிதியை ஒதுக்கலாம்.