தலைநகரின் புகையைச் சுமந்த நகரம்

காவசாக்கி என்றதும் நம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அந்த நிறுவனத்தின் பெயர் அதைத் தொடங்கிய காவசாக்கி ஷோஸோவிடமிருந்து வந்தது. ஜப்பானில் அதே பெயர் கொண்ட நகரத்தின் கதை வேறு.

ஒரு பக்கம் தோக்கியோ, மறுபக்கம் யோக்கோஹாமா. நடுவில் ஒடுங்கி நீண்டு கிடக்கிறது காவசாக்கி. தாமா ஆற்றைத் தாண்டினால் தலைநகரம். சுமார் 144 சதுர கிலோமீட்டரில் 1.5 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். மக்கள் நெருக்கத்தில் சிங்கப்பூரையும் மிஞ்சிய ஊர் இது.

கடலோரத்தை மண் கொட்டி நிரப்பி, அங்கே ஆலைகளை எழுப்பினார்கள். 1912இல் நிப்பான் கோக்கான் எஃகு நிறுவனம் தொடங்கியது. 1914இல் நம் சமையலறைகளுக்கும் பழக்கமான அஜினோமோட்டோவின் ஆலை வந்தது. போருக்குப் பிறகு மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் சேர்ந்துகொண்டன. தலைநகர வட்டாரம் செழித்தது. புகை காவசாக்கிக்கு மிஞ்சியது. 1960களில் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறியவர்கள் ஏராளம்.

ஆலைதானே சோறு போடுகிறது என்று எல்லோரும் பொறுத்துக்கொள்ளவில்லை. 1982இல் நோயாளிகளும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் ஆலை நிறுவனங்கள், அரசாங்கம், நெடுஞ்சாலை நிர்வாகம் ஆகியவற்றின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனங்கள் 1996இல் சமரசத்துக்கு வந்தன. அரசாங்கத்துடன் வழக்கு முடிய 1999 ஆகிவிட்டது. 17 ஆண்டுகள்! அந்த நாளைக் காணாமலே கண்மூடியவர்களும் உண்டு.

இன்று அங்கே காற்று வெகுவாகத் தெளிந்திருக்கிறது. தொஷிபா ஆலை இருந்த இடத்தில் 2006 முதல் பெரிய பேரங்காடி இயங்குகிறது. இரவில் விளக்கொளியில் மின்னும் ஆலைகளைப் பார்க்கச் சுற்றுலாப் படகுகள் செல்கின்றன. 2023இல் கடைசி ஊது உலையும் அணைக்கப்பட்டது. ஊருக்கு அடையாளம் தந்த வேலைகளில் ஒரு பகுதியும் அதோடு போனது.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு தேடும் இளம் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. விலை என்ன, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்போம். காற்று எப்படி என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம். காவசாக்கி மக்கள் அந்தக் கேள்விக்குப் பதில் பெறுவதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.