பொருளுக்குப் பின்னால் இருப்பதும் பொருளே

மேசைமேல் ஒரு பொருளை வைத்துப் படமெடுப்போர் கேமராவைப் பற்றிப் பேசுவர். லென்சைப் பற்றிப் பேசுவர். விளக்கைப் பற்றியும் பேசுவர். பின்னணி மட்டும் கடைசி நேரத்தில் கைக்கு அகப்பட்ட போர்வையாக அமைந்துவிடுகிறது. இது சரியன்று என்பதே எங்கள் கருத்து. பின்னணியைத் தேர்ந்த பின்னரே கேமராவைத் தொட வேண்டும்.

இது கலைஞர்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. பள்ளிக்கரணையில் ஓர் அடுக்ககத்தில் இருந்தபடி மண்சட்டியோ பித்தளை விளக்கோ வெள்ளிக் கொலுசோ இணையத்தில் விற்க முனையும் ஒருவருக்குப் படம்தான் கடை. வாங்குபவரால் சட்டியைத் தட்டிப் பார்க்க இயலாது; படத்தை நம்பியே பணம் கொடுக்கிறார். 1844இல் வெளிவரத் தொடங்கிய 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்னும் நூலில் ஃபாக்ஸ் டால்பட், தட்டுகளில் அடுக்கிய பீங்கான் கலங்களின் படத்தைச் சேர்த்திருந்தார். அவை களவு போனால் அப்படமே சாட்சியாகும் என்பது அவர் கருத்து. பொருளின் படம் தொடக்கத்திலேயே சாட்சியாகத்தான் எண்ணப்பட்டது.

அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்திற்குத் தூய வெள்ளைப் பின்னணியையே கேட்கின்றன. அடுத்தடுத்துப் பல பொருள்களைக் காணும் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதால் இதில் நியாயமுண்டு. ஆனால் வெள்ளை எளிதன்று. கேமராவின் ஒளியளவி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். ஆகவே ஒளியை ஒரு ஸ்டாப் அளவேனும் கூட்டிவைக்க வேண்டும். சார்ட் தாளைச் சுவரிலிருந்து மேசைவரை மடிப்பின்றி வளைத்து விரித்தால் மூலைக்கோடு மறையும். பித்தளை சுற்றியுள்ள வெள்ளையை வாங்கி விளிம்பிழந்து நிற்கும். இருபுறமும் கறுப்பு அட்டையை நிறுத்தினால் விளிம்பு திரும்பும்.

மற்றப் படங்களில்தான் நமக்குத் தேர்வுரிமை உண்டு. அங்கே தொல்காப்பியம் துணைக்கு வருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், புள்ளும் மரமும் பிறவும் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். கருப்பொருள் வெறும் அலங்காரமன்று. உரிப்பொருளைத் தாங்குவது, ஆயினும் அதை மறைக்காதது. பின்னணிக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எங்களுக்குத் தெரியவில்லை.

மண்சட்டியைக் கோரைப்பாயின்மேல் வைத்துப் பாருங்கள். மண்ணும் கோரையும் ஈரநிலத்தின் உடன்பிறப்புகள், ஒன்றையொன்று அறியும். அதே பாயில் நுண்ணிய வேலைப்பாடுள்ள கொலுசை வைத்தால் பாயின் கோடுகள் அதனோடு சண்டையிடும். கொலுசுக்குக் கறுப்பு வெல்வெட் நன்று. அது ஒளியை விழுங்கிவிட்டு வெள்ளியைப் பேச விடும். பொருளில் வேலைப்பாடு மிகுந்தால் பின்னணி அடங்க வேண்டும். பொருள் எளியதாயின் பின்னணி சற்றே பேசலாம்.

நிறத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெண்பீங்கானின் கீழே சிவப்புப் பட்டை விரித்தால் அச்சிவப்பு பீங்கானில் ஏறும். வாங்கியவர் பெட்டியைத் திறந்து, 'படத்தில் கண்டது இதுவன்று' என்று திருப்பி அனுப்புவார். அழகுக்காக விரித்த துணி பொய்ச்சாட்சி ஆகிவிட்டது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பொருளை வெட்டியெடுத்து மாளிகையிலும் மலைச்சாரலிலும் வைத்துத் தருகின்றன. பொருள்மேல் ஒளி ஒரு திசையிலிருந்து விழும். நிழல் வேறொரு கதை சொல்லும். கையடக்கக் கிண்ணம் அண்டாவாகத் தோன்றும். இதனை நாங்கள் ஏற்கவில்லை. சன்னலோர வெளிச்சமும் வீட்டுப் பலகையும் தரும் நேர்மையை அவை தருவதில்லை.

பின்னணி என்றால் வெறுமை என்ற எண்ணத்தின் விலையைப் பள்ளிக்கரணை நன்கறியும். கோரையும் சம்பும் வளர்ந்து, பறவைகள் வந்திறங்கும் சதுப்பு நிலம் வெற்றிடமாகக் கருதப்பட்டுப் பல்லாண்டு குப்பை சுமந்தது. 2022இல்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எனவே படத்திற்கென்று அங்கே கோரை பறிக்க வேண்டா, கடைப்பாய் போதும். அந்நிலம் கற்பிக்கும் பாடத்தை மட்டும் மேசைக்குக் கொண்டு வருவோம்: பின்னால் இருப்பதால் ஒன்று வெறுமையாகிவிடாது.