தத்தெடுக்கப் பணம் தடையா?



அமெரிக்காவில் தனியார் ஏஜென்சி வழியாகக் குழந்தையைத் தத்தெடுக்கப் பல்லாயிரம் டாலர் ஆகிறது. ஏஜென்சி தந்த கட்டணத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, நானும் கணவரும் மாதக்கணக்கில் மலைத்துப்போய் நின்றோம். இதற்கென்றே உதவித்தொகை தரும் அறக்கட்டளைகள் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் 'ஹோம் ஸ்டடி' எனும் வீட்டு ஆய்வு முடிந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அதனால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

ஃபெடரல் வருமான வரியிலும் 2025ஆம் ஆண்டுக்கு, ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை கழிவு உண்டு. அதில் 5,000 டாலர் வரை, கட்டவேண்டிய வரி இல்லாதவர்களுக்கும் கையில் கிடைக்கும். அரசுப் பராமரிப்பில் காத்திருக்கும் பிள்ளைகளைத் தத்தெடுக்கச் செலவு மிகக் குறைவு.

இந்த விவரங்களைத் தனிக் கட்டுரையாகவே வெளியிடுமாறு ஆசிரியரை வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, நியூ ஜெர்சி